ஓப்பன் வேர்ல்டா, லீனியரா: கதை நமக்காகக் காத்திருக்குமா?

அக்கா மகனுக்குப் போன மாதம் புது லேப்டாப் வந்தது, நல்ல கிராபிக்ஸ் கார்டோடு. வந்த அன்று ராத்திரியே வாட்ஸப்பில் கேட்டான்: "மாமா, சேல் போட்ருக்கான். கையில இருக்கிற காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். ரெட் டெட் 2 வாங்கவா, லாஸ்ட் ஆஃப் அஸ் வாங்கவா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். தட்டத் தட்ட நீண்டுகொண்டே போனது. அவ்வளவு நீளமாக அனுப்பினால் அவன் திறந்துகூடப் பார்க்க மாட்டான், அதனால் அவனுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மீதியை இங்கே இறக்கி வைக்கிறேன். இந்த இரண்டு கேம்களிலும் கதையின் முக்கியமான சில இடங்களைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியவில்லை. இன்னும் விளையாடாதவர்கள், விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவன் கேட்டது இரண்டு கேம்களைப் பற்றி, ஆனால் உள்ளே இருப்பது இரண்டு வகைகளைப் பற்றிய கேள்வி. லீனியர் என்றால் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குவது. வழியில் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் செய்தவர்களே முடிவு பண்ணி வைத்தது. ஓப்பன் வேர்ல்டு என்றால் ஒரு ஊரையோ நாட்டையோ நம் கையில் கொடுத்துவிட்டு, கதை அதோ அந்தப் பக்கம் இருக்கிறது, வேண்டுமானால் போ, வேண்டாமென்றால் மீன் பிடி என்று விட்டுவிடுவது.

என் வயதுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் பிரௌசிங் சென்டரிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் 2000-இல் வந்த ஐஜிஐ, இன்னொரு பக்கம் 2002-இல் வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி. ஐஜிஐயில் மிஷனுக்கு நடுவில் சேவ் பண்ண முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய், கேமராவை எல்லாம் அணைத்துவிட்டு, கடைசியில் எவனோ ஒருத்தன் முதுகில் சுட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் கடைக்கார அண்ணன் "தம்பி, டைம் முடிஞ்சுது" என்று தலைக்கு மேல் வந்து நிற்பார். வைஸ் சிட்டியில் அந்தத் தொல்லை கிடையாது. உட்கார்ந்தோமா, பேன்ஸர் என்ற ரகசியச் சொல்லைத் தட்டி டாங்கியை இறக்கினோமா, அரை மணி நேரம் ஊரைக் கலக்கினோமா, எழுந்து போனோமா. அந்த கேமுக்குக் கதை என்று ஒன்று இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், பொம்மை ஹெலிகாப்டரில் நான்கு வெடிகுண்டுகளை, இன்னும் கட்டி முடிக்காத ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைக்கிற அந்த மிஷனோடு நின்றுவிட்டார்கள். நான் அதைத் தாண்டியது வேலைக்குச் சேர்ந்த பிறகு.

அதாவது அப்போதே ஒரு கணக்கு இருந்தது. கையில் அரை மணி நேரம்தான், கதை பற்றிக் கவலை இல்லை, அப்படியென்றால் ஓப்பன் வேர்ல்டு. அந்தக் கணக்கில் தப்பு இல்லை. கதையும் வேண்டும் என்று ஆசை வந்த பிறகுதான் கணக்கு தலைகீழாக மாறியது.

அதற்கு முன்னால், எல்லாரும் போடுகிற வேறொரு கணக்கு இருக்கிறது, அதை ஓரம் கட்டிவிடலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் முக்கியக் கதையை மட்டும் முடிக்கச் சுமார் ஐம்பது மணி நேரம் ஆகும், சுற்றித் திரிந்தால் அதற்கு மூன்று மடங்குகூட ஆகலாம். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பதினைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே ரெட் டெட்தான் காசுக்கு லாபம் என்பார்கள். இது பழைய பேப்பர் கடையில் தராசில் போடுகிற கணக்கு. 2017-இல் வந்த வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச் மொத்தமே இரண்டரை மணி நேரம்தான் இருக்கும். அதில் மீன் டின்னில் அடைக்கிற ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற ஒரு பையன் வருவான். கன்ட்ரோலரின் வலது குச்சியால் மீனை எடுத்து, கத்தியில் தலையை வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதே சமயம் இடது குச்சியால் அவன் மனசுக்குள் கட்டுகிற ராஜ்ஜியத்தில் நடந்து போக வேண்டும். முதலில் ராஜ்ஜியம் திரையின் ஓரத்தில் சின்னதாக இருக்கும். போகப் போகப் பெரிதாகி மொத்தத் திரையையும் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வலது கை மீன் வெட்டுவதை நிறுத்தியிருக்காது, நமக்கே தெரியாமல் வெட்டிக்கொண்டிருப்போம். பத்து நிமிஷம் இருக்குமா அந்த இடம்? எண்பது மணி நேரம் ஓடிய எத்தனையோ கேம்கள் எனக்கு மறந்துவிட்டன, அந்த வலது கை மறக்கவில்லை. மணிக்கணக்கைத் தூக்கி அந்தப் பக்கம் போடுங்கள்.

சரி, நேரம். மொத்தம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைவிட அது எப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். எனக்கு இப்போது ராத்திரி பத்தரைக்கு மேல், பாப்பா தூங்கின பிறகு ஒரு மணி நேரம், அதுவும் வாரத்தில் மூன்று நாள் கிடைத்தால் அதிகம். தி விட்சர் 3 என்ற ஓப்பன் வேர்ல்டு கேமை நான் முதல் தடவை இப்படித்தான் தொட்டேன். நடுவில் ஆபீஸில் வேலை கூடி மூன்று வாரம் விட்டுப் போயிற்று. திரும்பத் திறந்தால் கதாநாயகன் கெரால்ட் ஒரு சதுப்பு நிலத்தில், கொட்டுகிற மழையில் நிற்கிறான். எதற்கு நிற்கிறான்? பட்டியலில் பதினொரு வேலை முடியாமல் கிடக்கிறது. எந்தப் பூதத்துக்கு வாளில் எந்த எண்ணெய் தடவ வேண்டும், உருளுவதற்கு எந்த பட்டன், கேடயத்துக்கு எது, ஒன்றும் விரலுக்கு நினைவில்லை. அந்த ஒரு மணி நேரம் முழுக்க நினைவுபடுத்திக்கொள்வதிலேயே போய், அடுத்து உட்கார இன்னும் பத்து நாள் ஆகி, அதற்குள் மறுபடி மறந்து, கடைசியில் விட்டேவிட்டேன். ஒரு வருஷம் கழித்து நீண்ட லீவு கிடைத்தபோது முதலிலிருந்து ஆரம்பித்துத்தான் முடித்தேன்.

லீனியரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மூன்று வாரம் கழித்துத் திறந்தாலும் முன்னால் இருப்பது ஒரே ஒரு வழி. கூட வருகிறவர் நடக்கும்போதே ஏதாவது பேசுவார், போன தடவை என்ன ஆனது என்பது இரண்டு நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும். பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்கள்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் வைக்கலாம் என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். எடுக்கலாம், வைக்கலாம், உண்மைதான். ஆனால் அதன் கதையை அப்படி எடுத்து வைக்க முடியாது.

தலைப்பில் கேட்டிருக்கிற கேள்வி இங்கேதான் வருகிறது. விட்சர் 3-இன் கதை என்ன? கெரால்ட் மகள் மாதிரி வளர்த்த சிரியை வைல்டு ஹண்ட் என்ற பயங்கரக் கூட்டம் துரத்துகிறது, அவர்களுக்கு முன்னால் இவன் அவளைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் எல்லாரும் பதறுகிறார்கள். காட்சி முடிந்ததும் நான் என்ன பண்ணினேன்? விடுதிக்காரனோடு உட்கார்ந்து க்வென்ட் சீட்டாடினேன். ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடலில் கேள்விக்குறி கேள்விக்குறியாக இருக்கிற கள்ளக்கடத்தல் பெட்டிகளைத் தேடிப் படகில் இரண்டு நாள் அலைந்தேன், பெரும்பாலும் உள்ளே இருந்தது விற்பதற்குக்கூட லாயக்கில்லாத சரக்கு. சிரி எங்கேயோ உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள், நான் கடலில் பெட்டி பொறுக்குகிறேன். 2015-லேயே வந்த ஃபால்அவுட் 4 இன்னும் மோசம். கைக்குழந்தையைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், அப்பனோ அம்மாவோ ஊர் ஊராகப் போய்க் கட்டில் போட்டு, தக்காளி நட்டு, குடியிருப்புக்கு வேலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையும் பொறுமையாகக் காத்திருக்கிறது.

நடந்துகொண்டிருக்கிற கதைக்கு அவசரம் இருக்கும். நம்மை ஊர் சுற்ற விடுகிற கேமால் அந்த அவசரத்தைக் காப்பாற்ற முடியாது. அப்படியானால் ஓப்பன் வேர்ல்டில் கதையே சொல்ல முடியாதா என்றால், முடியும். நடந்து முடிந்த கதையாக இருக்க வேண்டும்.

2017-இல் வந்த செல்டா ப்ரெத் ஆஃப் தி வைல்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தோற்றாயிற்று. நாடு புல் முளைத்துக் கிடக்கிறது. இளவரசி செல்டா கோட்டைக்குள் நூறு வருஷமாக ஒரு சாத்தானைப் பிடித்து வைத்திருக்கிறாள், நாம் இன்னும் நான்கு நாள் காளான் பறித்துச் சமைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கெட்டுப் போகாது. ஆரம்பத்து மேட்டு நிலத்தில் நான்கு கோவில்களை முடித்து, காற்றில் மிதக்கிற பாய் கையில் வந்துவிட்டால், நேராகக் கோட்டைக்கே போய்க் கடைசிச் சண்டை போடலாம், தடுக்க ஆள் இல்லை. இல்லையென்றால் பன்னிரண்டு போட்டோக்களை வைத்துக்கொண்டு, அந்த மலை எது, அந்தக் குளம் எது என்று தேடிப் போய் நின்றால், அங்கே நூறு வருஷத்துக்கு முன் நடந்தது ஞாபகத்துக்கு வரும். கதையை நமக்கு யாரும் சொல்வதில்லை, நாம்தான் தோண்டி எடுக்கிறோம். (நாடு முழுக்க ஒளித்து வைத்திருக்கிற தொள்ளாயிரம் கோரோக் விதைகளையும் தேடிச் சேர்த்தவர்களுக்குக் கடைசியில் கிடைக்கிற பரிசு ஒரு தங்க நிற மலம். தேடிச் சேர்க்கும் வெறியைப் பற்றி அதைச் செய்தவர்களே அடித்த நக்கல் என்று எடுத்துக்கொள்கிறேன்.)

எல்டன் ரிங்கும் அப்படித்தான். 2022-இல் வந்தது. அதன் கதைக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிக் கொடுத்தது நாம் விளையாடுகிற காலத்தை இல்லை, அதற்கு வெகு முன்னால் அந்த உலகத்தில் நடந்த வரலாற்றை. நாம் போய் இறங்கும்போது பெரிய சண்டையெல்லாம் ஓய்ந்து, ஜெயித்தவர் யாருமில்லாமல், ராஜா ராணிகள் அழுகிப் போய்க் கிடக்கிறார்கள். 2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸில் இருபத்திரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நம் கையில் சேருவது ஆயுதமோ காசோ கிடையாது, என்றோ அழிந்துபோன ஓர் இனம் எழுதி வைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது மட்டும்தான். இந்த மூன்றிலும் நாம் தொல்லியல்காரர்கள். தொல்லியலுக்கு அவசரம் கிடையாது.

எல்டன் ரிங்கில் ஒரு மாலை எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். லிம்கிரேவ் என்ற ஆரம்பப் பிரதேசத்தின் பக்கத்தில் ஒரு காடு, அதற்குள் ஒரு கல் மண்டபம், நடுவில் ஒரு லிஃப்ட். போ என்று எந்த மிஷனும் சொல்லவில்லை. மேப்பில் அம்புக்குறி இல்லை. சும்மா ஏறி நின்றேன். இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஏதோ பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்த நேரத்தில் நின்றது. வெளியே வந்தால் பூமிக்கு அடியில் ஒரு ஆறு, மேலே கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம் முழுக்க நட்சத்திரம். இதே இடம் லீனியர் கேமில் வந்திருந்தால் ஒரு கட்சீன் (நாம் விளையாடாமல் பார்க்க மட்டும் செய்கிற காட்சி) போட்டு, கேமராவை மெதுவாக மேலே தூக்கி, வயலின் வாசித்திருப்பார்கள். நானும் ஆகா, என்ன கிராபிக்ஸ் என்று செய்தவர்களை மெச்சியிருப்பேன். இங்கே மெச்சத் தோன்றவில்லை. நான் கண்டுபிடித்தேன் என்று தோன்றியது. அந்த லிஃப்டை அங்கே வைத்ததும் அதே மாதிரி ஒரு ஆள்தான், எனக்கு இப்படித் தோன்ற வேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் வைத்திருக்கிறான், அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

அதே கேமில் ஏரிக்கரையில் ஒரு பாழடைந்த இடத்தின் நிலவறையில் ஒரு பெட்டி இருக்கும். ஆசைப்பட்டுத் திறந்தால் புகை கிளம்பி, நம்மைத் தூக்கிக்கொண்டு போய், அந்த நேரத்தில் நாம் பார்க்கவே கூடாத கேலிட் என்ற நாசமாய்ப் போன பிரதேசத்தின் சுரங்கம் ஒன்றில் போட்டுவிடும். ஒரே அடியில் சாகடிக்கிற ஜந்துக்கள், அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியே வருகிற வரைக்கும் மேப்பைத் தொட்டு ஊருக்குத் திரும்பவும் முடியாது. திட்டிக்கொண்டே ஓடி வெளியே வந்து வானத்தைப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. லீனியரில் இது சாத்தியமே இல்லை, ஏனென்றால் அங்கே நாம் தப்பான இடத்துக்குப் போகவே முடியாது. வழி தப்பிப் போகிற பயம் ஓப்பன் வேர்ல்டு மட்டும் கொடுக்கக்கூடியது.

இப்போது லீனியர் பக்கம். நான் அந்தப் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன், மறைக்கவில்லை.

தி லாஸ்ட் ஆஃப் அஸ், 2013. ஆரம்பத்தில் நாம் கதாநாயகன் ஜோயல் கிடையாது, அவன் மகள் சாரா. நடு ராத்திரியில் எழுந்து, அப்பா எங்கே என்று வீட்டுக்குள் அறை அறையாக நடக்கிறோம். அப்புறம் சித்தப்பாவின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். நம்மால் செய்ய முடிந்தது தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பார்ப்பது மட்டும். ஒரு வீடு எரிகிறது, ரோட்டோரமாக ஒரு குடும்பம் கை காட்டி நிறுத்தச் சொல்கிறது, கார் நிற்காமல் போகிறது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எவ்வளவு அதிகாரம் இருக்குமோ அவ்வளவுதான் கன்ட்ரோலரில் நமக்கும். கார் மோதி நின்ற பிறகு நாம் ஜோயலாகிவிடுகிறோம், சாராவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், துப்பாக்கி தம்பியிடம் இருக்கிறது, சுட முடியாது, ஓட மட்டும்தான் முடியும். அந்த ஓட்டம் எப்படி முடிகிறது என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். இந்த இடத்தில் "வேண்டுமானால் வலது பக்கத் தெருவில் புதையல் தேடலாம்" என்று ஒரு வசதி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் லீனியரின் பலம் இந்த மாதிரிப் பெரிய காட்சிகளில் இல்லை, அதைச் சினிமாவும் செய்யும். பழக்கப்படுத்தி, அப்புறம் அந்தப் பழக்கத்தை உடைப்பதில் இருக்கிறது. அதே கேமில் உயரமான இடம் வந்தால் ஜோயல் சுவரில் சாய்ந்து கையைக் கோத்து நிற்பான், முக்கோண பட்டனை அழுத்தினால் அவனோடு கூட வருகிற சிறுமி எல்லி ஓடி வந்து ஏறி மேலே இருந்து ஏணியை இறக்குவாள். பத்து மணி நேரமாக இதே வேலை, சலித்தே போய்விடும். சால்ட் லேக் சிட்டி வரும்போது வழக்கம் போல நின்று பட்டனை அழுத்துகிறோம். அவள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் எதையோ நினைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வருகிறாள். அதற்கு முந்தின அத்தியாயத்தில் அவளுக்கு நடந்ததை ஒருவரும் வாயால் சொல்லவில்லை, ஒரு பட்டன் சொல்லிவிட்டது. அப்புறம் மேலே ஏறினவள் எதையோ பார்த்துவிட்டு ஏணியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள், பின்னாலேயே போனால் இடிந்த கட்டடத்துக்குள் தலையை நீட்டி இலை தின்றுகொண்டு ஒட்டகச்சிவிங்கி. அதற்கப்புறம் மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தக் கூட்டம் நடந்து போவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், நாம் பட்டனைத் தொடுகிற வரைக்கும் கதை நகராது. மொத்தக் கேமிலும் கதை நமக்காகக் காத்திருக்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான், அதனால்தான் அது அவ்வளவு கனமாக இருக்கிறது.

செய்தவர்களுக்கு நாம் இதற்கு முந்தின நிமிஷம் எங்கே இருந்தோம், என்ன பார்த்தோம் என்று தெரிந்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும். ஓப்பன் வேர்ல்டில் நான் சாவு வீட்டிலிருந்து வருகிறேனா, மான் வேட்டையிலிருந்து வருகிறேனா என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் இது புரியாமல் இல்லை, அதனால் முக்கியமான இடம் வந்ததும் சத்தமில்லாமல் நம்மை ஒரு சந்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். விட்சர் 3-இல் எல்லாரும் சொல்லிச் சொல்லி மாய்கிற ப்ளடி பேரன் (Bloody Baron) என்ற பிரபுவின் கதை இருக்கிறதே, அதில் இறந்தே பிறந்து பேயாகிப்போன தன் குழந்தையை அந்த மனுஷன் கொட்டுகிற மழையில் கையில் ஏந்திக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் நடப்பான், நாம் பக்கத்தில் நடந்து அது வெறி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் சுத்தமான லீனியர். அவனை விட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்குச் சீட்டாடப் போக முடியாது. ஓப்பன் வேர்ல்டு கேம்களில் எனக்குப் பிடித்த கதைக் காட்சிகளைப் பட்டியல் போட்டால் பெரும்பாலும் இப்படி மேப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னவைதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ரெட் டெட் 2-க்கு வந்தால் என் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 2018-இல் வந்தது. கதை நடப்பது 1899-இல், இப்போது நடந்துகொண்டிருக்கிற கதைதான், போலீஸ் துரத்துகிற கதைதான். என் சூத்திரப்படி இது ஓப்பன் வேர்ல்டில் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நாம் ஆர்தராக இருக்கிற அந்தக் கொள்ளைக் கூட்டம் பெரும்பாலான நேரம் ஏதாவது ஒரு காட்டோரத்தில் கூடாரம் போட்டுப் பதுங்கிக் கிடக்கிறது, சூடு தணியட்டும், கொஞ்சம் காசு சேரட்டும் என்று தலைவன் டட்ச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். காத்திருப்பதுதான் அந்தக் கூட்டத்தின் வாழ்க்கை. ஆகவே ஆர்தர் மீன் பிடித்தாலும், மான் அடித்து முகாமுக்குக் கொண்டுவந்து போட்டாலும், தாடி வளர்த்தாலும் அது கதைக்கு வெளியே போவது ஆகாது.

அப்புறம் இன்னொன்று. இரண்டாம் அத்தியாயத்தில் ஆர்தரைக் கடன் வசூலுக்கு அனுப்புவார்கள். டௌன்ஸ் என்று ஒரு நோஞ்சான் மனுஷன், தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பவனைப் பிடித்து அடிக்க வேண்டும், அவன் இருமுகிறான், ஆர்தரின் முகத்தில் ரத்தம் தெறிக்கிறது. நாமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அதன் பலன் தெரிய வருவது ஐந்தாம் அத்தியாயத்தில், செயின்ட் டெனிஸ் நகரத்தில் ஒரு டாக்டர் காச நோய் என்று சொல்லும்போது. எனக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் நிஜ வாழ்க்கையில் இரண்டரை மாதம் போயிருந்தது. நாற்பது ஐம்பது மணி நேரம் அந்த ஆளாக எழுந்து, குதிரையைத் தேய்த்து, காப்பி குடித்து வாழ்ந்துவிட்டு அதைக் கேட்பது வேறு. பதினைந்து மணி நேர லீனியரில் அதே திருப்பத்தை வைத்திருந்தால் நல்ல திருப்பம் என்று சொல்லியிருப்பேன். இங்கே அந்த மனுஷனை அடித்த ராத்திரி எந்த பட்டனை அழுத்தினேன் என்று யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குறையும் உண்டு. ஊர் முழுக்க நம் இஷ்டம், ஆனால் மிஷனுக்குள் நுழைந்துவிட்டால் ரொம்பக் கெடுபிடி. இந்தச் சுவருக்குப் பின்னால் ஒளி என்றால் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஒளிய வேண்டும், புத்திசாலித்தனமாகப் பின்பக்கமாகச் சுற்றிப் போனால் மிஷன் தோல்வி என்று எழுதிவிட்டு முதலிலிருந்து ஓட்டும். லீனியரின் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது, லீனியரின் வேகம் மட்டும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு மிஷனுக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் குதிரை ஓட்ட வேண்டும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு. 2017-இல் வந்த அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி. ஏழெட்டு மணி நேரத்து லீனியர் கேம், நடுவில் ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் திறந்துவிடப்பட்ட பெரிய நிலம். அந்த நிலம் எது என்று பார்த்தால் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஜீப்பை எடுத்துக்கொண்டு சேற்றிலும் ஓடையிலும் ஏற்றி இறக்கி, ஹொய்சாளர் காலத்துக் கோட்டைகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் பார்க்கலாம், பதினொரு வில்லைகளை விருப்பம் இருந்தால் தேடலாம். அந்த அத்தியாயம் முடிந்ததும் மறுபடி ஒற்றை வழி. ஹளேபீடு கோவிலை நேரில் பார்த்தவர்களுக்கு ஒரு சிரிப்பு வரும்: நிஜ ஹொய்சாளர்கள் நகக்கண் அளவுக்கு நுணுக்கி நுணுக்கிச் செதுக்கியவர்கள், கேமில் வருகிறவர்களோ அருவிக்கு நடுவில் மலை உயரத்துக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, மழை பெய்து ஈரமான அந்தக் கரும்பச்சை சரியாக வந்திருக்கிறது.

காசு விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் கீழே விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்ப வாங்கலாம். லீனியர் கேம் உங்களுக்குப் பிடிக்குமா என்று அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ரெட் டெட் 2-இல் முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில் ஒரே வழியில் இழுத்துக்கொண்டு போவார்கள், நிதானமாக விளையாடினால் அதுவே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஓப்பன் வேர்ல்டு திறப்பதற்குள் பணம் திரும்பக் கிடைக்கும் நேரம் முடிந்திருக்கும். அதே சமயம் கம்ப்யூட்டரில் லாஸ்ட் ஆஃப் அஸ்ஸை முதல் தடவை திறந்ததும் ஷேடர் (கிராபிக்ஸுக்கான சின்ன நிரல்கள்) தயாராகிறது என்று வெகு நேரம் காத்திருக்க வைக்கும், அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். 2023-இல் கம்ப்யூட்டருக்கு வந்த புதிதில் அது திக்கித் திணறியது, பிறகு வந்த அப்டேட்களில் எவ்வளவோ தேறிவிட்டது. இடம் எவ்வளவு வேண்டும் என்றால் அதற்கு 100 ஜிபி, ரெட் டெட்டுக்கு 150 ஜிபி. ஹாஸ்டல் வைஃபையில் 150 ஜிபி இறக்குவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும், வீட்டில் இருக்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே அவனிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "லீவு எத்தனை நாள்டா?" ஒரு மாசம் என்றான். காலையில் எழுந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அக்கா கத்துகிற வரைக்கும் எழ வேண்டியதில்லை, மறப்பதற்கு நடுவில் மூன்று வாரம் இடைவெளி கிடையாது, இந்த மாதிரி ஒரே கட்டியாக நேரம் அவனுக்கு இனிமேல் எத்தனை தடவை வரும்? ரெட் டெட் வாங்கு என்று சொல்லிவிட்டேன். பரீட்சைக்கு முந்தின மாதம் கேட்டிருந்தால் லாஸ்ட் ஆஃப் அஸ் என்றுதான் சொல்லியிருப்பேன், எனக்கே வாங்குவதாக இருந்தாலும் இப்போதைக்கு அதுதான்.

மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், ஆற்றங்கரையில் கறுப்புக் குதிரை, கருப்பி என்று பேர் வைத்திருக்கிறானாம். இன்னும் இரண்டாம் அத்தியாயத்தையே தாண்டவில்லை. "அந்தக் கடன் வசூல் மிஷன் முடிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, அது மேப்ல கெடக்கு. போர் மாதிரி இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அதுல எதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லடா, மெதுவா பண்ணு" என்று போட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையை அவனுக்கு இன்னும் அனுப்பவில்லை.